பெயின்ட் அடித்த பழைய நாற்காலிக்கு உப்புத்தாளா, வாட்டர் பேப்பரா?

ஹார்டுவேர் கடையில் இரண்டும் கிடைக்கும், ஆனால் வேலை வேறு: உப்புத்தாள் உலர்வாகத் தேய்க்க, வாட்டர் பேப்பர் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க. எனாமல் தடிமனாக ஏறிப்போன நாற்காலியில் பெயின்டையே எடுக்க வேண்டுமென்றால் உப்புத்தாள்தான், 80-ஆம் நம்பரில் ஆரம்பித்து 120, 180 என்று ஏறுங்கள் (நம்பர் கூடக் கூட நைசாகும்), மர ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் புது பெயின்டுக்கு அடியிலும் பல்லைக் காட்டும். ஒரே தொல்லை, தேய்க்கிற சூட்டில் பெயின்ட் இளகித் தாளில் திட்டுத்திட்டாக அப்பிக்கொள்ளும். அப்புறம் அது வழுக்கும், அவ்வளவுதான்.

வாட்டர் பேப்பர் சீக்கிரம் அடைக்காது, தூசியும் பறக்காது. பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்து, பளபளப்பை மட்டும் மங்கவைக்க வேண்டுமா, 220 அல்லது 320-ஐ நனைத்துத் தேய்ப்பதே என் தேர்வு. ஆனால் வெறும் மரம் தெரிந்துவிட்டால் தண்ணீர் வேண்டாம், நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஊதியே போகும்.

இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை, அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில், தயவுசெய்து உலர்வாகத் தேய்க்காதீர்கள், பறக்கும் தூசியில் நச்சான ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரிலும் 80, 100 கிடைக்கிறது, நனைத்தே தேய்த்துச் சகதியை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டிவிடுங்கள்.