மயிலிட்டிக் கடல்ல தூண்டில் போட்ட விடியப்புறம்

இந்த முறை ஊருக்குப் போறதெண்டு டிக்கெற் போட்ட நாளில இருந்து மனசில ஒண்டே ஒண்டுதான் நிண்டது, யாழ்ப்பாணத்து வடகரையில இருக்கிற எங்கட மயிலிட்டிக் கடலுக்குப் போய் நானே மீன் பிடிச்சு அதை அண்டைக்கே சமைச்சுச் சாப்பிடோணும். 1990இல இடம்பெயரேக்க எனக்கு எட்டு வயசு. எங்கட துறைமுகம் 27 வருசம் இராணுவத்திட்ட இருந்து 2017 ஜூலையிலதான் சனத்திட்டத் திரும்பி வந்தது, அதுக்கு முதல் ரெண்டு தரம் ஊருக்குப் போயும் நான் பாத்தது முள்ளுக்கம்பியைத்தான்.

ரொறன்ரோவில இருந்து சென்னை, சென்னையில இருந்து பலாலி. சின்ன பிளேன், சாமான் கனக்கக் கொண்டுபோகேலாது, ஆனா கொழும்பில இறங்கி ஏ9 ரோட்டில இரவு முழுக்க பஸ்ஸில வந்த அலுப்பை நினைச்சா இது எவ்வளவோ மேல். மாமி வீடு தெல்லிப்பழையில, விமான நிலையத்துக்குக் கிட்ட.

ஆவணி மாசம் போறவை ஒண்டைக் கவனிக்கோணும், நல்லூர்த் திருவிழா 25 நாளும் கன வீடுகளில மச்சம் காய்ச்சமாட்டினம். மாமியும் அப்பிடித்தான், திருவிழாவை முடிச்சு வைக்கிற வைரவர் மடை முடிஞ்சாப் பிறகுதான் மீன்சட்டியை வெளியில எடுத்தவ. நாங்கள் கடலுக்குப் போற நாளையும் அதுக்கேத்த மாதிரித்தான் வைச்சனாங்கள்.

முதல்ல யாழ்ப்பாண ரவுணில ஒரு ஹோட்டலால போட் ஒழுங்கு செய்யலாமெண்டு விசாரிச்சன். விலையை டொலரிலதான் சொல்லிச்சினம், அதில படகுக்காரருக்கு எவ்வளவு போகுதெண்டு கேக்க மறுமொழி இல்லை, லைஃப் ஜக்கெற் இருக்கோ எண்டு கேக்க, கரையோடதானே போறது தேவையில்லை எண்டிட்டினம். ரெண்டு பிள்ளையளோட வந்திருக்கிற எனக்கு அது சரியான கோவம். வேண்டாமெண்டிட்டு மாமியின்ர அயலுக்க இருந்த ஒருத்தர் மூலமா மயிலிட்டியில தொழில் செய்யிற ஒரு அண்ணையோட நேரடியாக் கதைச்சன். அவர் முதல் கேட்டதே "நீந்தத் தெரியுமோ தம்பி" எண்டுதான். பாஸ்போட் கொப்பி வாங்கி மீனவர் சங்கத்தில சொல்லிப்போட்டு, நாலு ஜக்கெற் இரவல் எடுத்து வைச்சிருந்தார்.

விடிய நாலரைக்கு ஜெற்றியில நிண்டம். சோளகக் காலம் எண்டாலும் விடியப்புறம் காத்துக் குறைவு, ஃபைபர் போட் தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு போச்சு. பின்னால எங்கட கரை தெரிஞ்சுது, இடிஞ்ச வீடுகளும் புதுசாக் கட்டின வீடுகளும் கலந்து, இடையில வடலி. அம்மா சொன்ன எங்கட வளவு எதுவெண்டு தேடிப் பாத்தன், அடையாளம் பிடிக்க முடியேல்ல.

பாருக்கு, அதாவது கடலடிக் கல்லுத் திட்டுக்கு, மேல வந்து அண்ணை நங்கூரம் விட்டார். தங்கூசி நூல், ஈயம், தூண்டில் ஊசியில கணவாய்த் துண்டு, அவ்வளவுதான், தடி கிடையாது, நூல் சுட்டுவிரலுக்கு மேலால ஓடுது. ஈயம் கல்லில தட்டினவுடன ஒரு முழம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். முதல் அரை மணித்தியாலம் இரைதான் போச்சு. பிறகு விரலில ரெண்டு சின்னக் கொத்து, அடுத்ததா ஒரே இழுவை, நான் அந்தரப்பட்டு இழுக்க "பொறுங்கோ தம்பி, அவன் ஓடட்டும், கொஞ்சம் நூலை விட்டுக்குடுங்கோ" எண்டார். மேல வந்தது ஒரு விளைமீன், ஒரு கிலோவுக்குக் கிட்ட, கன்னத்தில வெள்ளி மினுக்கம், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மகள் தொட்டுப் பாத்திட்டுக் கையை மணந்து பாத்தாள். ஏழு மணிக்குள்ள ஆறு விளைமீனும் ஒரு கலவாயும் ரெண்டு சின்னப் பாரையும்.

திரும்பி வரேக்க அவர் மீன் பிடிக்கக் கடலுக்க போட்டிருந்த கூட்டைத் தூக்கினம், உள்ளுக்க ஓரா மீன். ஆசையில கையை விட்டன், முள்ளுக் குத்திப்போட்டுது. ஓராமுள்ளு விசமுள்ளு, கை முழுக்கக் கடுத்துது. கரைக்கு வந்தவுடன அண்ணையின்ர மனிசி பொறுக்கக்கூடிய சூட்டில தண்ணி கொண்டுவந்து விரலை அதுக்குள்ள வைச்சிருக்கச் சொன்னா, அரை மணித்தியாலத்தில நோ குறைஞ்சிட்டுது. ஓராவை உயிரோட பிடிக்கிறவை கவனம்.

காசுக் கதைக்கு வாறன். அவர் கேட்டது பத்தாயிரம் ரூபா, நான் குடுத்தது பதினையாயிரம். இதைப் பெருமைக்குச் சொல்லேல்ல. அந்த எஞ்சின் ஓடுறது மண்ணெண்ணெயில, 2022 ஆகஸ்டில ஒரே இரவில லீற்றர் 87 ரூபாயில இருந்து 340 ரூபாய்க்குப் போனது. அதோட இந்திய இழுவைப் படகுகள் வந்து இவையின்ர வலையை அறுத்துக்கொண்டு போற பிரச்சினை. இழுவைமடியை இலங்கைச் சட்டம் 2017இல தடை செய்துபோட்டுது, எண்டாலும் இரவில வெளிச்சம் தெரிஞ்சா வலை விடப் பயமெண்டார் அண்ணை. வெளிநாட்டில இருந்து போறவை தயவுசெய்து இந்தச் சனத்திட்டப் பேரம் பேசாதேங்கோ.

மீனை ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டுக் கொண்டந்தம். பெரிய விளைமீன் ரெண்டையும் மாமி தேங்காய்ப்பாலில சொதி வைச்சா, தேசிக்காய்ப் புளி விட்டு, இடியப்பத்தோட. பாரை பொரியல். மிச்சம் முழுக்கப் பின்னேரக் கூழுக்கு. பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச ஒடியல்மாவை மத்தியானமே தண்ணியில ஊறப்போட்டு, கைப்புப் போக மேல்தண்ணியை ரெண்டு தரம் வடிச்சவ. பெரிய பானையில ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி அவிய, பிறகு மீன்தலையள், ஓரா, சந்தையில வாங்கின நண்டும் இறாலும், கடைசியா மாக்கரைசலும் அரைச்ச செத்தல் மிளகாயும் பழப்புளியும். முற்றத்தில வட்டமா இருந்து பலா இலையைக் கோலிக் குடிச்சம். கலவாய்த் தலை எனக்கு வந்தது, கண்ணுக்குப் பின்னால இருக்கிற அந்தச் சதையைத் தோண்டி எடுத்து மகளுக்குக் குடுத்தன், எனக்கு அப்பா குடுக்கிறவர். உறைப்பில மூக்கு வழிய வழிய அவள் இன்னொரு இலை கேட்டாள். ரொறன்ரோவில ஐஸ் மீனில நானும் எத்தினையோ தரம் கூழ் காய்ச்சினனான், இந்த மணம் அதில வந்ததே இல்லை.

ஒரு தூக்குவாளி கூழ் அண்ணை வீட்டுக்கும் குடுத்துவிட்டம். அடுத்தநாள் விடிய அவற்ர பெடியன் சைக்கிளில வந்து வாளியைத் தந்திட்டுப் போனான், உள்ளுக்க நாலு கணவாய்.