கடல் தெரியும் வீடா, ஆசாரிப்பள்ளத்து மாடியா?

வாடகை வருமானத்துக்காக எங்கள் மாவட்டத்தில் வீடு தேடும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது கன்னியாகுமரியைத்தான். நான் இரண்டு இடத்திலும் வீடு வைத்திருந்து பார்த்தவன். அப்பா விட்டுப்போன கன்னியாகுமரி வீட்டை ஏழு வருடம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டேன். பிறகு அதை விற்று, நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கமாக ஒரு மாடி வீடு வாங்கினேன். கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். மூன்று வருடம் ஆகிறது. என் மனம் ஆசாரிப்பள்ளத்தின் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் கடலோரம்தான் ஜெயிக்கும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் மகரவிளக்கு வரை அறை காலி இருக்காது. கோடை விடுமுறையிலும் அப்படியே. ஆனி ஆடியில் கடல் கொந்தளித்துப் படகை நிறுத்தும் நாட்களில் மட்டும் வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருப்பதாக அங்கே விடுதி நடத்தும் நண்பர் சொல்கிறார். நான் அதற்கு முன்பே விற்றுவிட்டதால் இது கேள்வி ஞானம்தான்.

அப்படியானால் ஏன் விற்றேன்? உப்புக்காற்று.

முதலில் போனது ஜன்னல் கம்பி. அதற்குப் பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம். அடுத்து ஏசியின் வெளி யூனிட். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் எட்டு வருடம் உழைக்கும் பெட்டி அங்கே நான்காம் வருடமே அடித்தட்டு உதிர்ந்து நின்றது. கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், கேட் என்று வரிசையாக. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். என்னைத் தோற்கடித்தது கண்ணுக்குத் தெரியாதது.

காற்றோடு வரும் உப்பு சுவரில் படிந்து, ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்குகிறது. உள்ளே கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும் மெல்லிய படலத்தை அது உடைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பி உள்ளேயே வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். சீலிங்கில் பழுப்பு நிறக் கோடு தெரியும்போது வேலை பாதி முடிந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சுவர் முழுதாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் கனத்தைக் கொத்தனார்கள் ‘கவர்’ என்பார்கள். சாதாரண இடத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும் என்கிற ஐ.எஸ். 456 விதி (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி), கடற்காற்று நேராகத் தாக்கும் இடத்துக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கலவையின் வலுவும் எம் 30 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது. அப்பா வீட்டில் பெயர்ந்த இடத்தில் நான் அளந்து பார்த்தேன். ஒரு விரல் கனம்கூட இல்லை. போதாததற்கு, அந்தக் காலத்தில் கலவைக்கே கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள் என்று அம்மா சொன்னார். அப்புறம் நான் மேலே என்ன பூசி என்ன?

கடைசி இரண்டு வருடத்தில் வந்த வருமானத்தில் ஏறக்குறைய பாதியைக் கொத்தனாரும் பெயின்டரும் கொண்டுபோனார்கள். நாள் வாடகையை வியாபார வருமானமாகக் காட்டி, உண்மையான செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றார் ஆடிட்டர். கழிக்க பில் வேண்டும். எந்தக் கொத்தனார் பில் தருகிறார்? ஆசாரிப்பள்ளத்தில் மாத வாடகை என்பதால், வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் தானாகவே கழிகிறது. நான் இங்கே செய்யும் பழுதுபார்ப்பு அதில் கால்வாசிகூட வரவில்லை: ஒரு முறை மொட்டைமாடிக்கு வாட்டர்புரூஃபிங், ஒரு முறை மோட்டார்.

விற்கும்போதுதான் அடி பலமாக விழுந்தது. வந்தவர் ஒரு மரக்கட்டையால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் ‘டக் டக்’, கெட்ட இடத்தில் ‘டொப் டொப்’. முடிவில் கட்டடத்துக்கு விலையே போடவில்லை. சென்ட் கணக்கில் நிலத்துக்கு மட்டும் கொடுத்தார். இடிக்கும் செலவையும் என் தலையில் கட்டப் பார்த்தார்.

ஆசாரிப்பள்ளத்துக் குடித்தனக்காரர்கள் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள். காலி என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரை அவரே கூட்டிவருகிறார். அட்வான்ஸ் மூன்று மாதம், வாடகை ஒப்பந்தத்தை 2017ஆம் வருடத்துச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறேன். ஒற்றிக்குக் கேட்டும் வருகிறார்கள். மொத்தப் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் நாளில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இங்கேயும் உப்பு அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். கடல் சில கிலோமீட்டர்தான். மூன்று வருடம் ஒரு கட்டடத்தின் ஆயுளில் பெரிய காலமும் இல்லை. பத்தாம் வருடம் என் பேச்சு மாறலாம். அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, நான் வாங்கியதில்லை.

கடலோரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கட்டிய வீட்டை விட்டுவிட்டு மனை வாங்கிக் கட்டுவது மேல். உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோரத்தில் கட்டுவதற்குக் கட்டுப்பாடு வைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். கட்டிய வீடுதான் என்றால் தை மாதத்தில், புதுப் பெயின்ட் மணக்கும்போது பார்க்காதீர்கள். ஆடியில் போங்கள். முன்வாசலை விட்டுவிட்டு, கடல் பார்த்த பின்சுவருக்குப் போய் ஜன்னலின் மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கையில் ஒரு மரக்கட்டை இருக்கட்டும்.