அப்பாவின் பால்வெட்டுக் கதை: மார்த்தாண்டத்து ஸ்டுடியோ ஒன்றின் சேவை குறித்து

வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை அவர் குரலிலேயே பதிவு செய்து, பழைய புகைப்படங்களையும் புதிதாக எடுத்த காட்சிகளையும் இசையையும் சேர்த்து, நான்கைந்து நிமிடப் படமாக்கித் தரும் சேவையை மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோ நடத்துகிறது. கல்யாண வீடியோதான் அவர்களின் முதன்மைத் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கை சும்மா இருக்கக் கூடாது என்று தொடங்கிய வேலை இது என்பதை அவர்களே சொன்னார்கள். குலசேகரம் பகுதியில் நெடுங்காலம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த என் அப்பாவைப் பற்றி ஒரு படம் செய்து தரும்படி அவர்களை அணுகினேன். கட்டணம் 12,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கேட்டார்கள்.

இவ்வகைப் படத்துக்கென்று ஒரு மரபு இருக்கிறது. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலியோர் தொடங்கிய பயிலரங்குகளில், திரைத்துறைக்குத் தொடர்பில்லாத சாதாரண மக்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதி, தாங்களே பேசி, சில நிமிடப் படமாகக் கோத்தார்கள். 2001-இல் பிபிசி நிறுவனம் வேல்ஸ் பகுதியில் இதே முறையை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. கதைக்கு உரியவரின் சொந்தக் குரல்தான் இம்மரபின் முதுகெலும்பு. படமும் இசையும் அதற்குத் துணை நிற்பவை. மார்த்தாண்டத்து ஸ்டுடியோவினர் இவ்வரலாற்றை அறிந்தவர்களாகத் தெரியவில்லை. ஆயினும் குரலைப் பொறுத்தவரை அவர்கள் செய்த வேலை அம்மரபுக்கு மிக அருகில் இருந்தது.

முதலில் அவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை அப்பா வாசித்தார். வானொலிச் செய்தியைப் போன்ற விறைப்புடன், ‘எனது இளமைக்காலத்தில்’ என்று அவர் வாயில் ஒருநாளும் வராத நடையில் அது வந்தது. ஒலிப்பதிவு செய்த இளைஞர் சற்று நேரம் கேட்டுவிட்டுத் தாளை வாங்கி வைத்தார். மேசைமேல் இருந்த பால்வெட்டுக் கத்தியை அப்பாவின் கையில் கொடுத்து, “மாமா, எழுதினத விடுங்க, இத எப்படிப் பிடிக்கணும்னு எனக்குச் சொல்லித் தாங்க” என்றார். அதன் பிறகு அப்பாவை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. “கத்தி கொஞ்சம் ஆழமா எறங்கிச்சுன்னா மரத்துக்குப் புண்ணாயிரும், மக்களே. பொறவு அந்த எடத்துல பட்ட சரியா வளராது” என்று தொடங்கியவர், விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறியதையும், மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் வெட்டு நின்று கூலியும் நின்றதையும், சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சிறுவர்கள் பொறுக்கித் திரிந்ததையும் அடுக்கிக்கொண்டே போனார்.

அந்த அறையின் ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, எதிரொலி வராமல் இருக்க இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மூச்சுக்காற்று நேராக மோதாதபடி சற்றே பக்கவாட்டில் இருந்தது. இடையில் மழை பிடித்துக்கொண்டு மேலே தகரத்தில் இரைச்சல் எழுந்தபோது, ‘பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம்’ என்று சமாளிக்காமல், மீதியை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். முக்கால் மணி நேரப் பேச்சை நான்கு நிமிடத்துக்குச் சுருக்கிய விதத்திலும் குறை சொல்ல இடமில்லை. அப்பா நினைவைத் தேடி நிறுத்திய இடங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

காட்சிகளைப் பற்றி அதே அளவுக்குச் சொல்ல முடியவில்லை. வெட்டிய பட்டையின் சரிவில் வெள்ளைக் கோடாகப் பால் ஊறி இறங்கி, தகரக் குழலைத் தொட்டு, சிரட்டையில் முதல் சொட்டு விழும் வரை கேமராவை அசைக்காமல் வைத்திருந்த ஒரு காட்சி அருமையானது. ஆனால் அதற்கு அடுத்தே ட்ரோனில் எடுத்த மாத்தூர் தொட்டிப்பாலம் வருகிறது. 1966-இல் கட்டி முடிக்கப்பட்டு, பறளியாற்றின் மேலே பாசன நீரைக் கடத்தும் அந்தப் பாலம் நம் குமரி மாவட்டத்தின் பெருமைதான். எனினும் அப்பாவின் கதைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஊர் தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். நீக்கச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள். அப்பாவின் கல்யாணக் கேசட்டிலிருந்து எடுத்த துண்டு, நான்குக்கு மூன்று என்ற பழைய தொலைக்காட்சி அளவில் இருந்ததை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியதால், மெலிந்த என் பெரியப்பா திடீரென்று பருத்துவிட்டார். இருபுறமும் கறுப்பு விட்டு இயல்பான அளவில் வைத்தாலே போதுமானது என்பதைக் கல்யாண வீடியோக்காரர்கள் அறியாமல் இருப்பது வியப்புதான்.

என் பெரிய மனக்குறை இசையைப் பற்றியது. முதல் வடிவத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை வயலினும் புல்லாங்குழலும் ஓயாமல் ஒலித்தன. அப்பா கூலி நின்ற நாட்களைச் சொல்லும் இடத்தில், நாங்கள் அழ வேண்டும் என்று கட்டளையிடுவதுபோல வயலின் உயர்ந்தது. கத்தி பட்டையைச் சீவும் ஒலியை அவர்கள் அவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்திருந்தும், இசை அதை முழுவதுமாக மூடிவிட்டது. திரைப்பாடல் ஒன்றைச் சேர்க்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. படத்தின் கீழே நன்றி என்று போடுவது அனுமதி ஆகாது. யூடியூபில் ஏற்றினால் தானியங்கிக் கண்காணிப்பில் சிக்கவும் கூடும். இவற்றை எடுத்துச் சொன்ன பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். இறுதி வடிவத்தில் தலைப்புக்கும் முடிவுக்கும் மட்டும் மெல்லிய இசை இருக்கிறது. நடுவில் கத்தியின் ஒலியும் விடியற்காலைப் பறவைகளும் போதும் என்று ஆனது.

திரையில் வரும் தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நின்ற பிழையை எழுத்துருவை மாற்றியதும் சரிசெய்துவிட்டார்கள்.

பேச்சை எடுத்துப் பதிவு செய்யும் திறமைக்காகவே இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் வடிவம் கைக்கு வந்ததும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவு மட்டும் உங்களுக்கு இருக்க வேண்டும். படத்தைப் பென்டிரைவில் தருகிறார்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், தெளிவு குறையாது. படத்தில் சேராத முழுப் பேச்சின் ஒலிக்கோப்பை அவர்கள் தாமாகத் தருவதில்லை. சில வாரங்களில் அழித்தும் விடுகிறார்கள். நான்கு நிமிடப் படத்தைவிட அந்த முக்கால் மணி நேரமே எங்கள் வீட்டுக்குப் பெரிய சொத்து என்பதால், முன்பணம் கொடுக்கும்போதே அதையும் பென்டிரைவில் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.