சார்ட்டட்டிக்ட்: தமிழ்ச் சொல்லடைவில் சோதித்த ஒரு மதிப்புரை

தமிழ்ச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்துவரும் நான், பைத்தான் நிரல்மொழிக்கான ‘சார்ட்டட் கன்டெய்னர்ஸ்’ என்னும் இலவச நிரல் நூலகத்தைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சாவி ஒன்றுக்கு மதிப்பு ஒன்று என இணைகளாகத் தரவைச் சேமிக்கும் பைத்தானின் வழக்கமான டிக்‌ஷனரி, 3.7ஆம் பதிப்பு முதல், சாவிகள் நுழைந்த வரிசையைக் காப்பதாக உறுதியளிக்கிறது. அகர வரிசை வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும், வரிசைப்படுத்தித் தரும் ‘சார்ட்டட்’ செயற்கூற்றைத்தான் அழைக்க வேண்டும். அறிக்கை ஒன்றை ஒரே ஒருமுறை அச்சிட அதுவே போதும். அதற்காக இந்நூலகத்தை நிறுவுவது வீண் வேலை. சொற்கள் நாள்தோறும் சேர்ந்தும் நீங்கியும் வரும் தொகுப்புக்குத்தான் இதிலுள்ள, சாவிகளை எப்போதும் வரிசையிலேயே வைத்திருக்கும் டிக்‌ஷனரியான சார்ட்டட்டிக்ட் கைகொடுக்கிறது. சாவிகளைப் பல சிறு பட்டியல்களாக வகுத்து வைத்திருப்பதால், புதிய சொல் நேரே தனக்குரிய இடத்தில் போய் அமர்கிறது. ‘ஐரேஞ்ச்’ முறைக்கு இரண்டு எல்லைகளைக் கொடுத்தால், இடைப்பட்ட சொற்கள் மட்டும் வரிசையாக வருகின்றன.

தமிழ் என்று வரும்போதுதான் சிக்கல். முதல் நாளே ‘மரம்’ என்பதற்கு முன்னால் ‘மனம்’ வந்து நின்றது. ‘அகம்’ வந்த பிறகே ‘அக்கா’ வந்தாள். நூலகத்தின் பிழை என்றெண்ணி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்த பின்பே, பைத்தான் சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிக்கோடு அட்டவணை தந்துள்ள எண்ணைக் கொண்டு ஒப்பிடுவது நினைவுக்கு வந்தது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி இருக்கிறது, ழகரம் வகரத்தை முந்துகிறது, புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் கிடக்கிறது. சார்ட்டட்டிக்டை உருவாக்கும்போதே வரிசைச் செயற்கூறு ஒன்றைத் தரலாம் என்பதால், மெய்யையும் புள்ளியையும் ஓரெழுத்தாகச் சேர்த்து நெடுங்கணக்கின்படி எண் வழங்கும் சிறு செயற்கூறு எழுதிக் கொடுத்தேன். ‘பவளம்’ முன்னும் ‘பழம்’ பின்னுமாக எல்லாம் ஒழுங்குக்கு வந்தன.

குறை என்று சொன்னால், அச்செயற்கூறு சாவியாகிய சொல்லை மட்டுமே பார்க்கும், அது எத்தனை முறை வந்தது என்னும் மதிப்பைப் பார்க்காது. ஆகவே எந்தச் சொல் அதிக முறை வந்தது என்று அறிய, இணைகளை மறுபடியும் ‘சார்ட்டட்’டிடம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதிலும் ஓர் ஆறுதல்: பைத்தானின் வரிசையாக்கம் சம மதிப்புள்ளவற்றின் முந்தைய வரிசையைக் கலைப்பதில்லை; இறங்குவரிசை கேட்டாலும் அப்படியே. எனவே பன்னிரண்டு முறை வந்த சொற்கள், நான் கேட்காமலேயே, தமக்குள் அகர வரிசையில் நிற்கின்றன.