ஆறாவது இடம் எடுபிடிக்கு: எமரால்டுடன் 19 வருடங்கள்

அக்கா மகனுக்குப் பதினொரு வயது. போன மாதம் ஸ்கார்லெட் என்ற போக்கிமான் வீடியோ கேம் ஆடிக்கொண்டே, "மாமா, என் டீமைப் பாரு, ஆறும் 600" என்று காட்டினான். சாலமென்ஸ், கார்ச்சோம்ப், டிராகனைட், டைரானிடார், ஹைட்ரிகான், பாக்ஸ்கேலிபர். இந்தப் போக்கிமான் பிராணிகள் ஒவ்வொன்றின் அடிப்படைப் புள்ளிகளையும் (அட்டாக், வேகம் போன்றவை) கூட்டினால் 600 வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆன்லைனில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். எதிரில் ஃப்ளட்டர் மேன் என்ற ஃபேரி டைப் (வகை) போக்கிமான் வந்து நின்றால் போதும், கதை முடிந்தது. ஏனென்றால் அவன் எடுத்த ஆறுமே ஃபேரி டைப் அடிக்கு இரட்டைச் சேதம் வாங்கும். ஹைட்ரிகானுக்கு நாலு மடங்கு. ஆறு பூட்டு வாங்கிவிட்டு, ஆறுக்கும் ஒரே சாவியைத் தெருவில் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

"அப்ப உன் டீம் என்ன?" என்று கேட்டான். காட்டுகிறேன் பார் என்று பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியையும் 2006-இல் வாங்கிய போக்கிமான் எமரால்டு கேம் கார்ட்ரிட்ஜையும் எடுத்தேன். திறந்ததும், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆடலாம், ஆனால் கடிகாரம் சார்ந்த நிகழ்வுகள் இனி நடக்காது என்று ஒரு அறிவிப்பு. நெஞ்சு ஒரு கணம் நின்றது. எமரால்டில் சேமித்த ஆட்டம் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது, பேட்டரியில் இல்லை, அதனால் ஒன்றும் போகவில்லை. சிஆர்1616 பேட்டரி, பலகையோடு பற்றவைத்திருக்கும். தெரிந்த கடையில் 400 ரூபாய் கொடுத்து மாற்றினேன். கடைக்காரர் கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்தான் சார்" என்றார், ஏதோ நான் சந்தேகப்பட்டதுபோல. உள்ளே தெரிகிற அந்தப் பச்சை பிளாஸ்டிக்கைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எமரால்டு எப்படிப்பட்ட கேம் என்று இத்தனை வருடம் கழித்து நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் தலைமுறையின் முழுமையான பதிப்பு, முடித்த பிறகும் ஏழு அரங்குகளோடு பேட்டில் ஃபிரண்டியர் காத்திருக்கும், எல்லாம் தெரிந்ததே. எனக்கு ஒரே ஒரு குறைதான். அந்தக் குறையை 19 வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இந்த கேமில் உங்கள் அணி ஆறு பேர் இல்லை, ஐந்து பேர். ஆறாவது இடம் எச்எம்முக்கு, அதாவது வழியில் செடி வெட்ட, கல் உடைக்க, கடல் தாண்டத் தேவைப்படும் மூவ்களுக்கு (மூவ் என்றால் போக்கிமான் கற்றுவைத்திருக்கும் வித்தை).

கணக்கைப் பாருங்கள். ஆறு போக்கிமான், ஆளுக்கு நாலு மூவ், மொத்தம் 24. எச்எம் எட்டு: கட், ஃப்ளாஷ், ராக் ஸ்மாஷ், ஸ்ட்ரெங்த், சர்ஃப், ஃப்ளை, டைவ், வாட்டர்ஃபால். எட்டையும் சுமந்தால் அணியின் மூன்றில் ஒரு பங்கு செடி வெட்டவும் கல் உடைக்கவும் போய்விடுகிறது. ஒரு தடவை கற்றுக்கொடுத்துவிட்டால் சாதாரணமாக அழிக்கவும் முடியாது. லில்லிகோவ் நகரத்தில் இருக்கும் மூவ் டிலீட்டரிடம்தான் போக வேண்டும். ஐந்தாவது ஜிம் தலைவரைத் தோற்கடித்துப் பேட்ஜ் வாங்கி, சர்ஃப் செய்து கடலைத் தாண்டாமல் அந்த ஊர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது.

இதைத் தெரியாமல் நான் செய்த காரியம் இது. முதல் ஆட்டத்தில் ட்ரீக்கோவோடு கிளம்பினேன், அது வளர்ந்தால் க்ரோவைல். ரஸ்ட்போரோவில் கட் கொடுத்தார்கள். இலை டைப் பிராணி செடி வெட்டுவதுதானே பொருத்தம் என்று க்ரோவைலுக்கே கொடுத்தேன். பலம் 50. அப்புறம் மாவில்லில் ராக் ஸ்மாஷ். அதையும் கொடுத்தேன், அதன் பலம் வெறும் 20. என் அணியின் தலைவனுக்கு நாலில் இரண்டு கை கட்டப்பட்டுவிட்டது. ஃப்ளானரியின் நெருப்பு ஜிம்மில் அந்த நிலையில் போய் நின்றேன். அவளுடைய டார்கோலின் ஓவர்ஹீட் அடியில் க்ரோவைல் சாம்பல். கோபத்தில் சேமித்த ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை மட்கிப், அது வளர்ந்தால் கடைசியில் ஸ்வாம்பர்ட்.

நியாயமாகச் சொன்னால் எட்டும் குப்பை இல்லை. சர்ஃப் பலம் 95, தண்ணீர் டைப்புக்கு அது பரிசு. மாஸ்டீப் ஜிம்மில் இரட்டைப் பிறவித் தலைவர்கள் இருவரையும் ஒரே நேரத்தில் எதிர்க்கிற இரட்டைச் சண்டையில் ஸ்வாம்பர்ட்டின் சர்ஃப் எதிர்ப்பக்கம் இரண்டையும் அடிக்கும். இந்தத் தலைமுறையில் பக்கத்தில் நிற்கும் நம் ஆளைத் தொடாது. அவர்களுடைய லூனாடோன், சோல்ராக், கிளேடால் மூன்றுமே தண்ணீருக்குப் பலவீனம். இரண்டு முறை அடித்தேன், பேட்ஜ் கையில். ஃப்ளை, வாட்டர்ஃபால், ஸ்ட்ரெங்த்தும் தாக்குப்பிடிக்கும். எரிச்சல் வருவது கட், ஃப்ளாஷ், ராக் ஸ்மாஷ் மூன்றின் மேல்தான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எவனும் எவனையும் ஜெயித்ததில்லை.

அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஒரு ஜிக்ஜாகூனைப் பிடித்தேன். முதல் அரை மணி நேரத்தில் சந்து பொந்தெல்லாம் கிடைக்கும் அந்த ரக்கூன் குட்டிதான். ஆரம்பத்தில் பேராசிரியர் பிர்ச்சைத் துரத்திக்கொண்டு ஓடுவதும் அதுவே. லெவல் 20-இல் லினூன் ஆனது. கட், ராக் ஸ்மாஷ், ஸ்ட்ரெங்த் மூன்றையும் அதன் தலையில் கட்டினேன். பெயர் வைக்கச் சொன்னபோது 'எடுபிடி' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பத்து எழுத்துக்குள் அடங்கியது.

மற்ற ஐந்து பேர்: ஸ்வாம்பர்ட், ப்ரெலூம், மேனெக்ட்ரிக், ஷார்பீடோ, ட்ரோபியஸ். ஸ்வாம்பர்ட்டைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, இலை டைப் மட்டும்தான் அதற்கு எமன். பாதி கேமை அதுவே தனியாக இழுத்துவிடும். ப்ரெலூமுக்காகக் காத்திருந்தேன். ஷ்ரூமிஷ் லெவல் 23-இல் பரிணாமம் அடையத் துடிக்கும். ஒவ்வொரு முறையும் பி பொத்தானை அழுத்தி நிறுத்தி, லெவல் 54-இல் ஸ்போர் கற்றுக்கொண்ட பிறகுதான் விட்டேன். எதிரியைத் தப்பாமல் தூங்கவைக்கிற மூவ் அது. அவ்வளவு நாள் ஒரு காளானைக் கட்டி இழுத்ததற்குப் பலன் இருந்தது.

ஷார்பீடோ என் முட்டாள்தனம். சுறா, பார்க்க மிரட்டலாக இருந்தது, எடுத்தேன். அட்டாக் 120. ஆனால் இந்தத் தலைமுறையில் ஒரு மூவ் உடல் பலத்தில் அடிக்குமா, சிறப்புப் பலத்தில் அடிக்குமா என்பதை அதன் டைப்தான் முடிவு செய்யும். சுறாவின் டைப்களான தண்ணீர், டார்க் இரண்டுமே சிறப்புப் பக்கம். கடித்தாலும் சிறப்பு, நீரைப் பீச்சினாலும் சிறப்பு. அந்த 120 அதன் சொந்த டைப் மூவ்களுக்கு ஒரு பைசா உதவாது. 2006-இல் டைமண்ட், பேர்ல் என்ற அடுத்த தலைமுறை கேம்கள் வந்தபோதுதான் மூவுக்கு மூவ் பிரித்தார்கள். என் சுறாவுக்கு அது காலம் கடந்த நீதி. கடைசியில் அது டைவ் அடிக்கப் பயன்பட்டது, அதாவது அதுவும் அரை எடுபிடிதான்.

ட்ரோபியஸ் மட்டும் எதிர்பாராத சந்தோஷம். கழுத்தில் வாழைக்குலை தொங்கவிட்டுக்கொண்டு பறக்கிற பிராணி. தெற்கத்திக் குழந்தைகள் அந்தப் பழத்தைத் தின்பண்டமாகச் சாப்பிடுவார்கள் என்று கேமின் போக்கிமான் அகராதியான போக்கிடெக்ஸிலேயே போட்டிருக்கும். ஐஸ் அடி விழுந்தால் நாலு மடங்கு, உடனே காலி. ஆனாலும் ரூட் 119-இன் மழையில் அதைப் பார்த்ததும் பிடித்தேன். அதே ரூட்டில் ஃபீபாஸ் என்ற மீனும் இருக்கிறது, அந்த ஆறு முழுவதிலும் ஆறே ஆறு கட்டங்களில் மட்டும். கோடை விடுமுறையில் பாதியைத் தூண்டில் போட்டே கழித்தேன். ஒன்றுகூட மாட்டவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

விக்டரி ரோட்டுக்கு வருவோம், அங்கேதான் வயிறு எரியும். சாம்பியன் இருக்கும் இடத்துக்கு முன்னால் வரும் கடைசிக் குகை. சர்ஃப், வாட்டர்ஃபால், ஸ்ட்ரெங்த், ராக் ஸ்மாஷ், எல்லாவற்றையும் கேட்கும். அதனால் எடுபிடியைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வந்ததும் கணினியில் அவனை வைத்துவிட்டு வேறு ஆளை எடுக்கலாம் என்பீர்கள். யாரை எடுப்பது? இவ்வளவு தூரம் நடந்து லெவல் ஏறியவர்கள் இந்த ஐந்து பேர்தானே. பெட்டியில் கிடப்பவர்கள் எல்லாம் பிடித்த அன்றைய லெவலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே சாம்பியனுக்கு முந்தைய நால்வரான எலீட் ஃபோர் முன்னால் நான் ஐந்து வீரர்களோடும் லெவல் 24 லினூன் ஒன்றோடும் போய் நின்றேன். நால்வரில் ஒருவரான டிரேக்கின் சாலமென்ஸ் லெவல் 55.

இனி நேர்மைக்காகச் சொல்ல வேண்டிய பகுதி. லினூனுக்கு பிக்கப் என்று ஒரு திறன். கையில் பொருள் இல்லாமல் அணியில் சும்மா இருந்தாலே போதும், சண்டை முடிந்ததும் பத்தில் ஒரு வாய்ப்பாக எதையாவது பொறுக்கிக்கொண்டு வரும். எமரால்டில் அதன் லெவலைப் பொறுத்துப் பொருள் மாறும். சூப்பர் போஷன், அல்ட்ரா பால், எப்போதாவது ஒரு ரேர் கேண்டி. சண்டை போட வேண்டாம், வெளியே வரக்கூட வேண்டாம். நான் கடையில் மருந்து வாங்கியதே குறைவு, எல்லாம் இவன் கொண்டுவந்து கொட்டியது. பெயர் வைத்தபோது இந்தத் திறன் இருப்பது எனக்குத் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சாலமென்ஸ் முன்னால் ஸ்வாம்பர்ட் விழுந்தபோது எடுபிடியைத்தான் இறக்கினேன். ஒரே அடி, விழுந்தான். ஆனால் அந்த அடியை அவன் வாங்கிய நேரத்தில் ஸ்வாம்பர்ட்டுக்கு ரிவைவ் கொடுத்து எழுப்பிவிட்டேன். அந்த ரிவைவும் அவன் பொறுக்கியதா, நான் வாங்கியதா என்று நினைவில்லை.

இதைச் சொன்னதும் மருமகன், "அதுக்குப் பதிலா இன்னும் ஒரு நல்லதையே வச்சிருந்தா அது அடிச்சிருக்கும்ல?" என்றான். அவனுக்கு 2014 போக்கிமான் உலகப் போட்டியைப் போட்டுக் காட்டினேன். வாஷிங்டனில் நடந்தது. தென் கொரியாவின் சேஜுன் பாக் ஒரு பாச்சிரிசுவைக் கொண்டுவந்தார். மின்சார அணில், அடிப்படைக் கூட்டு 405. என் லினூனே 420. அந்த அணில் ஃபாலோ மீ போட்டு எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்கும் கியாரடோஸ் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும். சாலமென்ஸின் டிரேக்கோ மீட்டியரையும் வாங்கிக்கொண்டு நின்றது அந்த அணில். கோப்பை அவருக்கு. மருமகன் அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு பாக்ஸ்கேலிபரை எடுத்துவிட்டு ஒரு ஸ்டீல் டைப்பைத் தேடப் போனான். அது நான் சொல்லவந்தது முழுவதும் இல்லை, ஆனாலும் நல்ல முடிவு.

அவன் கேமில் எச்எம் கிடையாது. 2016-இல் சன், மூன் கேம்கள் வந்தபோதே தூக்கிவிட்டார்கள், சவாரிக்கென்று தனிப் பிராணிகள் வந்துவிட்டன. மறந்த மூவை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கற்பிக்கலாம், சண்டை அனுபவம் அணி முழுவதற்கும் பகிரப்படும். ஊருக்கு ஊர் ஆறு பேரையும் மாற்றுகிறான். பொறாமையாக இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: எமரால்டை இன்றைய விலைக்கு வாங்காதீர்கள். சந்தையில் போலிகள் குவிந்து கிடக்கின்றன. அசல் கிடைத்தாலும் 24-இல் எட்டை வரியாகக் கட்டித்தான் ஆட வேண்டும். அணி அமைப்பதுதான் உங்களுக்குப் பிடித்த பகுதி என்றால் இந்த கேம் உங்களைக் கேவலப்படுத்தும். ஐந்துக்கு இரண்டு தருவேன். பேட்டில் ஃபிரண்டியருக்காக இன்னும் அரை. கார்ட்ரிட்ஜைக் கொடுக்கிறீர்களா என்று பேட்டரி மாற்றிய கடைக்காரர் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். கேட்காததுபோல வந்துவிட்டேன்.

போன ஞாயிறு ஒரு காரியம் செய்தேன். பையில் டிஎம் 27, அதாவது ரிட்டர்ன் என்ற மூவைக் கற்றுக்கொடுக்கும் பொருள், ஃபால்ஆர்பரில் பேராசிரியர் காஸ்மோவிடம் விண்கல்லைக் கொடுத்து வாங்கியது, 19 வருடமாக அப்படியே கிடந்தது. ஒரே தடவை பயன்படுத்தலாம் என்பதால் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. போக்கிமான் நம்மிடம் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறதோ அவ்வளவு பலம், உச்சம் 102. நடக்க நடக்கப் பாசம் கூடும். என் அணியில் இவனைவிட அதிகம் நடந்தவன் யார்? ட்ரோபியஸில் ஏறி லில்லிகோவ் பறந்து, மூவ் டிலீட்டரிடம் கட் மூவை அழித்து, எடுபிடிக்கு ரிட்டர்ன் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க பெட்டல்பர்க் காட்டுக்குப் போனோம், மருமகன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருப்பதெல்லாம் லெவல் ஐந்து, ஆறு குட்டிப் பிராணிகள், ஒரே அடியில் பறந்தன. அதில் என்ன சோதனை.

பத்து அடி நடந்ததும் வழியில் ஒரு செடி. வெட்ட ஆளில்லை.

"மாமா, ட்ரோபியஸுக்கு கட் வரும்ல?" என்றான்.

வரும். ஆனால் அதன் நாலு இடமும் நிரம்பியிருக்கிறது: ஃப்ளை, எர்த்குவேக், சோலார்பீம், சன்னி டே. இதில் எதை எடுப்பது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.