புல்லுக்கு நடுவே எந்த டெய்சி?

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கிக்குயு என்ற படர்புல் லானைப் பெயர்த்துவிட்டு நாட்டுப்புல் வளர்ப்பவர்கள் இடையில் நடக் கேட்பது பெரும்பாலும் மூன்று டெய்சி: ஜெர்பெரா ஆம்பிகுவா, கசானியா கிரெப்சியானா, நமக்வாலாந்து டெய்சி. மூன்றும் தென்னாப்பிரிக்காவின் சொந்தச் செடிகள். ஆனால் புல்லோடு குடித்தனம் நடத்தும் குணம் மூன்றுக்கும் ஒன்றல்ல.

நமக்வாலாந்து டெய்சியை முதலில் ஒதுக்கிவிடலாம். குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மழை பெய்யும் மேற்குப் பகுதியின் ஓராண்டுச் செடி அது. நமக்கோ ஆண்டு மழை 1000 மி.மீ.க்குப் பக்கம், பெரும்பகுதி கோடையில். பங்குனியில் விதைத்து, வறண்ட குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் ஆகஸ்டில் பூக்கும். கோடை மழைக்கு முன்பே செத்துவிடும். தொட்டியில் வைத்தால் அழகு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். கசானியாவின் பூ பெரியது, ஆரஞ்சும் மஞ்சளும் கண்ணைப் பறிக்கும். மேகம் மூடினால் பூவும் மூடிக்கொள்ளும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உயர்ந்த புல்லின் நிழல் விழுந்தால் மெலியும், களிமண்ணில் ஜனவரி மழை தேங்கினால் அழுகும். எனவே பாதையோரம், கல்லிடுக்கு, மணற்சரிவு, இவையே அதற்கு இடம்.

ஆம்பிகுவா பகட்டில்லாதது. தரையோடு படுத்த இலைக்கொத்து, ஒரு சாண் தண்டு, வெள்ளை அல்லது மஞ்சள் பூ. இதழின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், செம்பு படிந்தாற்போல ஒரு சிவப்பு. புல்லுக்கு நடுவே இதற்கே என் ஓட்டு. தரைக்கடியில் தடித்த கிழங்குவேர் இருப்பதால், மேலே வெட்டினாலும் தீ ஓடினாலும் மீண்டும் துளிர்க்கும். புல் எழும்புவதற்கு முன்பே, வசந்தத் தொடக்கத்தில் பூத்துவிடும்.

அந்த முந்திக்கொள்ளலுக்கு நாம் வழிவிட வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது ஊர்ப் பழமொழி. இங்கே ஆடி என்பது வறண்ட குளிர்காலத்தின் கடைசி, விதைக்க அல்ல, வெட்டத்தான். ஆடி முடிவில் புல்லை 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய சருகை வாரி அகற்றுங்கள். மூடாக்காக விட்டால் இலைக்கொத்து மூச்சடைத்து அழுகும். டெய்சி பூக்கவில்லை என்ற புகாரில் பாதி இந்தச் சருகுதான்.

நடும்போது ரூய்கிராஸ் என்ற நாட்டுப்புல்லின் தூர்களை 30 செ.மீ. இடைவெளியில் வைத்து, சதுரமீட்டருக்கு ஐந்து ஆம்பிகுவா போதும். நடும் குழிக்கு இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம். இலை கிளம்பும் கழுத்து மண்ணுக்கு அரை செ.மீ. மேலே நிற்கட்டும், புதைத்தால் பூஞ்சை பிடித்து மொத்தச் செடியும் கையோடு வந்துவிடும். அதற்கு மேல் உரத்தை அள்ளிப் போடாதீர்கள்: புல் கொழுத்துச் சாய்ந்து டெய்சியை மூடிவிடும். கிக்குயு தண்டுத் துண்டு ஒன்று மிஞ்சினாலும் ஒரே கோடையில் எல்லாவற்றையும் விழுங்கும். நடுவதற்கு முன் 15 செ.மீ. ஆழம் தோண்டிப் பொறுக்குங்கள்.

விதை என்றால் புதிதாக வேண்டும், ஜெர்பெரா விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். பஞ்சு நுனி வெளியே தெரியும்படி மணலில் குத்தி நிறுத்துங்கள், மூடாதீர்கள். கசானியாவில் அந்தப் பாடு இல்லை. தூரைப் பிரித்து வைத்தாலே பிடித்துக்கொள்ளும்.

நர்சரியில் பூ இல்லாத செடி வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் கசானியா. ஆம்பிகுவாவின் இலை இடத்துக்கு இடம் மாறும், அடிப்பக்கம் சில செடியில் பச்சை, சிலதில் கம்பளி. பெயரின் லத்தீன் பொருளே ஐயத்துக்குரியது என்பதுதான்.