‘மோட்டாரே போச்சு’ என்றால் நம்பிவிடாதீர்கள்: காரைக்குடியில் நான் 5,200 ரூபாய் இழந்த விதம்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, கோயிலுக்கும் விசேஷ வீடுகளுக்கும் மட்டும் வண்டியை எடுக்கும் என் போன்ற வயதானவர்கள், அடுத்த முறை செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காதபோது சற்று நிதானிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடையின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதப்போவதில்லை. ரசீது இல்லாத வழக்கில் பெயரை எழுதினால் மாட்டிக்கொள்பவன் நானாகத்தான் இருப்பேன்.

என்னுடையது 2006ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. கடந்த ஐப்பசியில் ஒருநாள் காலை பிள்ளையார்பட்டிக்குக் கிளம்புகையில் சாவியைத் திருப்பியபோது, எஞ்சின் சுற்றுவதற்குப் பதிலாக ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினாலும் அதே ஒற்றைச் சத்தம்தான். ஹாரன் கணீரென்று ஒலித்தது, முகப்பு விளக்கின் ஒளியும் குறையவில்லை. ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்பது வரையில் எனக்கே புரிந்துவிட்டது. அதற்கு மேல் தெரியாததால், கல்லுக்கட்டிப் பக்கம் தொழில் செய்யும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை, தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில், வீட்டுக்கே வரவழைத்தேன்.

வந்தவர் பானெட்டைத் திறந்து, ஒரு தடித்த ஸ்பானரை எடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த ஸ்விட்சான சோலினாய்டின் பின்புறம் உள்ள இரண்டு பெரிய செப்பு போல்ட்டுகளையும் சேர்த்துத் தொட்டார். தீப்பொறி பறந்தது, மோட்டார் ‘உர்ர்ர்’ என்று வேகமாகச் சுற்றியது, எஞ்சின் அசையவில்லை. “பாத்தீகளா அண்ணே, மோட்டார் சும்மா சுத்துது, எஞ்சினைப் பிடிக்கல. மோட்டாரே போச்சு. புதுசுதான் போடணும்” என்றார். கண்ணெதிரே காட்டிய சோதனை என்பதால் நான் சந்தேகப்படவில்லை. மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போனவர் மறுநாள் மாலை வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மோட்டாருக்கு 4,500, கூலி 700 என்று 5,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பழைய மோட்டார் எங்கே என்று கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டதாகவும், அதைக் கழித்துத்தான் இந்த விலை என்றும் சொன்னார். ரசீது நாளைக்கு என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

42ஆம் நாள், மார்கழித் தொடக்கத்தில், குன்றக்குடி அடிவாரத்தில் அதே ஒற்றை ‘டொக்’. மலைக்கு வந்திருந்த பையன்கள் நாலு பேர் தள்ளிவிட்டதால் வீடு வந்து சேர்ந்தேன்.

இம்முறை, போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் தேவகோட்டையிலிருந்து மல்டிமீட்டருடன் வந்தார். நான் நடந்ததைச் சொல்லிமுடிக்கும் முன்பே, “அத்தான், ஸ்பானரை வச்சுத் தொட்டதும் மோட்டார் சுத்துச்சுன்னா மோட்டார் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்” என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றாமல் போனதன் விலைதான் 5,200 ரூபாய்.

சாவியைத் திருப்பும்போது மெல்லிய ஒயர் ஒன்றின் வழியாகச் சோலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு சுருள்களுக்கு மின்சாரம் போகிறது. ஒன்று இழுக்கும் சுருள், மற்றொன்று இழுத்ததைப் பிடித்துவைக்கும் சுருள். அவை உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுத்தவுடன், அதன் ஒரு முனை கவைபோன்ற நெம்புகோலை இழுத்து, மோட்டார் தண்டில் முன்னும் பின்னும் நகரும் பெண்டிக்ஸ் என்ற பாகத்தின் பல்சக்கரத்தை, எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களோடு கோக்கிறது. மறுமுனையில் உள்ள செப்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இணைத்து, பேட்டரியிலிருந்து மிகப் பெரிய அளவு மின்சாரத்தை மோட்டாருக்குள் விடுகிறது. எலக்ட்ரீஷியன் செய்ததுபோல் வெளியிலிருந்து போல்ட்டுகளை மட்டும் இணைத்தால், நெம்புகோல் அசையாது, பல்சக்கரம் ஃப்ளைவீலுக்குப் போகாது, மோட்டார் வெறுமனேதான் சுற்றும். புத்தம் புது மோட்டாரும் அப்படித்தான் சுற்றும். அதைக் காட்டி ‘எஞ்சினைப் பிடிக்கல’ என்று சொன்னது அறியாமையா, துணிச்சலா என்பதில் எனக்குச் சிறிதளவு சந்தேகம் இருந்தது. மோட்டாரைக் கழற்றிய பிறகு அதுவும் போய்விட்டது.

கழற்றும் முன், கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு, நான் சாவியைத் திருப்ப மைத்துனர் அளந்தார். பேட்டரி சும்மா இருக்கையில் 12.5 வோல்ட். ‘டொக்’ என்னும்போது பேட்டரி ஒயர் வரும் போல்ட்டில் 12.1, சாவி ஒயரில் 11.4, மோட்டாருக்குப் போகும் போல்ட்டிலோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதாவது சோலினாய்டு இழுக்கிறது, ஆனால் உள்ளே செப்பு செப்பைத் தொடவில்லை. அந்த மூன்றாவது இடத்தில் 12க்குப் பக்கத்தில் காட்டியும் மோட்டார் சுற்றாமல் இருந்திருந்தால்தான் குறை மோட்டாருடையது. பெரும்பாலும், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஒற்றைச் சத்தத்துக்குப் பதில் ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கும். மீட்டர் வைத்திருக்கும் எவரும் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையை, அன்று வந்தவர் செய்யவே இல்லை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே மோட்டாரை இறக்கினோம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயருக்கு நடுவில் எந்த ஃபியூஸும் இல்லாததால், நெகட்டிவைக் கழற்றாமல் அதில் ஸ்பானர் வைத்து அது பாடியில் பட்டால் தீதான். வீட்டு முகப்பில் சாக்கை விரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும், வெள்ளிப் பெயின்ட் தோல்தோலாக உரிந்தது. அடியில், 2019இல் என் தம்பி கழற்றியபோது உளி பட்டு ஏற்பட்ட, பிறை போன்ற வெட்டு அப்படியே இருந்தது. என்னுடைய மோட்டாரையே பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள்.

சோலினாய்டின் மூடியில் ஈயப்பற்று கோணலும் மாணலுமாக இருந்ததைப் பார்த்து, மைத்துனர் அதையும் உருக்கித் திறந்தார். உள்ளே இருந்த செப்புத் தட்டின் இரண்டு பக்கமும் கருகியிருந்தது. ஒரு பக்கம் ஆழமான, பழைய குழிகள். மறுபக்கம் சிறிய, புதிய குழிகள். தேய்ந்த தட்டைத் திருப்பிப் போட்டு, போல்ட்டுகளின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். இது பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் ஒட்டுவேலைதான். அவசரத்துக்கு அதைச் சொல்லிவிட்டுச் செய்து, இருநூறோ முந்நூறோ வாங்கியிருந்தால் நான் நன்றியோடு கொடுத்திருப்பேன். ஏற்கெனவே தேய்ந்த போல்ட்டுகளை மேலும் தேய்த்ததால் தட்டு சமமாகப் படியாமல், 42 நாளில் மறுபக்கமும் கருகியது.

புதுச் சோலினாய்டு வாங்க, பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு நானே போனேன். போல்ட் துளைகளும் தண்டின் கொக்கியும் ஒத்துப்போக வேண்டும். முதல் கடையில் வெறும் பாலித்தீன் பையில் போட்டு ‘ஒரிஜினல்’ என்று நீட்டினார்கள். உறையில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எதுவும் இல்லாததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையில் எல்லாம் அச்சிட்ட பெட்டியை ஜிஎஸ்டி ரசீதுடன் 1,240 ரூபாய்க்கு வாங்கினேன்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. தண்டின் கொக்கியை நெம்புகோலில் சரியாகக் கோத்த பிறகுதான் போல்ட்டை முடுக்க வேண்டும். கொக்கி நழுவியிருந்தால் சோலினாய்டு இழுக்கும், பல்சக்கரம் அசையாது. காரில் ஏற்றும் முன் தரையிலேயே, மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவைத்து, பேட்டரி பாசிட்டிவைச் சாவி ஒயர் சேரும் முனையிலும், நெகட்டிவை மோட்டார் பக்க போல்ட்டிலும் பாடியிலும் கொடுத்தோம். பல்சக்கரம் ‘சடக்’ என்று வெளியே வந்தது. போல்ட்டில் இருந்த நெகட்டிவை மட்டும் எடுத்தபோதும் உள்ளே போகாமல் நின்றது. இரண்டு சுருளும் நலம். இந்தச் சோதனையை மூன்று நான்கு வினாடிக்கு மேல் நீட்டினால் சுருள் சூடாகிக் கருகிவிடும். எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு காபி உட்பட.

மறுநாள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போனேன். “புதுசுன்னு நான் எங்கண்ணே சொன்னேன், புதுசு மாதிரி பண்ணித் தாறேன்னுதானே சொன்னேன்” என்றார். ஜிபே கணக்கு பணம் போனதைக் காட்டுகிறது. எதற்காகப் போனது என்று காட்டவில்லை. பழைய மோட்டாரை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாலோ, எண் போட்ட ரசீது கைக்கு வந்த பிறகு பணம் அனுப்பியிருந்தாலோ இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். என்னிடம் இருப்பவை ஜிபே பதிவு, உரிந்த பெயின்ட்டுக்கு அடியில் உள்ள வெட்டின் புகைப்படம், இரண்டு பக்கமும் கருகிய செப்புத் தட்டு ஆகிய மூன்றுதான். தை பிறந்ததும் அவற்றோடு சிவகங்கைக்குப் போகிறேன். கல்லுக்கட்டிப் பக்கம் இதேபோல் ‘புது மோட்டார்’ வாங்கியவர் எவரேனும் இருந்தால், அதன் பெயின்ட்டை ஒரு மூலையில் சுரண்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.